கன்னியாகுமரி முதல் பன்வேல் வரை: கடலைக் காட்டாத கடலோர நெடுஞ்சாலை

‘மேற்குக் கடற்கரையை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66 எந்தெந்த ஊர்கள் வழியாகப் போகிறது? கன்னியாகுமரியில் காரை எடுத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே மும்பை வரை போய்விட முடியுமா?’ என்பது கேள்வி.

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பன்வேல் வரை தாராளமாகப் போகலாம். நடுவில் வேறு நெடுஞ்சாலைக்கு மாற வேண்டியதே இல்லை. ஆனால் ‘கடலைப் பார்த்துக்கொண்டே’ என்ற ஆசையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில், கார்க் கண்ணாடி வழியே அலை தெரியும் இடங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம் என்று ஐந்து மாநிலங்கள். அவற்றில் 600 கிலோமீட்டருக்கு மேல் கேரளத்தில் மட்டும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சுமார் 470, கர்நாடகத்தில் சுமார் 280, கோவாவில் 140 சொச்சம். நம் பங்கு மிகக் குறைவு, குமரி மாவட்டத்தில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான்.

இதன் பழைய பெயரைச் சொன்னால் லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். பன்வேலிலிருந்து கொச்சி இடப்பள்ளி வரை இருந்தது பழைய 17. அங்கிருந்து திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி வரை இருந்தது, சேலத்தில் தொடங்கிய பழைய 47-இன் கடைசிப் பாதி. 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது இரண்டையும் ஒட்டி 66 என்று ஆக்கினார்கள். 47-இன் மேல்பாதி, அதாவது சேலம்–கோவை–பாலக்காடு–கொச்சி வழி, 544 ஆனது. புதிய முறையில் வடக்கு–தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கன்னியாகுமரிக்கே வந்து சேரும் ஸ்ரீநகர் சாலைக்கு 44 என்றும் இதற்கு 66 என்றும் எண் வந்தது அந்தக் கணக்கில்தான்.

கடலோரச் சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு கடலை ஏன் காட்டுவதில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதையின் மிச்சம் தானாகவே விளங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. மலையில் பிறக்கும் ஆறு கடலைச் சேர ஓட வேண்டிய தூரம் பல இடங்களில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பகுதி வேறு. அத்தனை நீரும் நாலு மாதத்தில் இறங்கியாக வேண்டும். கடலும் சும்மா இருப்பதில்லை. ஓதம் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் நுழைந்து விடுகிறது. ஆகவே கழிமுகங்கள் எல்லாம் அகலமானவை, சேறானவை. எஃகும் கான்கிரீட்டும் மலிவாகக் கிடைக்காத காலத்தில் சாலை போட்டவர்கள் என்ன செய்வார்கள்? ஆறு ஒடுங்கும் இடம் வரை உள்ளே போய், அங்கே பாலம் கட்டிக் கடந்தார்கள். அடுத்த ஆற்றுக்கும் அதே கதை. இந்தச் சாலையின் போக்கைத் தீர்மானித்தது ஆறுகள்தான், கடற்கரை இல்லை.

அரசு ஆவணங்களில் சாலை பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நான் தலைகீழாகச் சொல்கிறேன். நமக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் இல்லை, ஓட்டுவதற்கும் அதுதான் நல்ல திசை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தெற்கிலிருந்து வடக்கே போனால் கடல் இடக்கைப் பக்கம், நம் வழித்தடமும் இடப்பக்கம். பிரிக்கப்பட்ட சாலைகளில் வடக்கிலிருந்து வருகிறவருக்கு, கடல் தெரிகிற சில இடங்களிலும் நடுத்தடுப்பும் எதிர்வரும் லாரிகளும்தான் முன்னால் நிற்கும்.

குமரி மாவட்டத்துப் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கன்னியாகுமரி, சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. இது திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்துச் சாலை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை அந்தக் காலத்திலேயே கான்கிரீட் போட்டு வைத்திருந்தார்கள். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை சாலையை ஒட்டியே நிற்கிறது. பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. சாலை குறுகல், இருபுறமும் கடைகள், மார்த்தாண்டத்தில் எஃகு மேம்பாலம் வந்த பிறகும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. கேரள எல்லையில் உள்ள காரோடு என்ற ஊரிலிருந்து கன்னியாகுமரிக்கு மற்ற ஊர்களைத் தவிர்த்துப் போகும் நான்குவழிச் சாலை, வயல்களையும் குளங்களையும் கடந்து போக வேண்டியிருப்பதாலும் நிரப்புவதற்கு மண் கிடைக்காததாலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குளத்தின் நடுவில் சாலை போட்டால் பாசனம் என்ன ஆவது என்று விவசாயிகள் கேட்டது நியாயமான கேள்வி.

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. பழைய சாலையில் போனால் திருவனந்தபுரம் நகருக்குள் மாட்டிக்கொள்வீர்கள். காரோடு–கழக்கூட்டம் புறவழிச்சாலையில் போனால் கோவளத்துக்கு அருகாக நகரை விட்டு விலகிப் போய்விடலாம். அதன் தென்கோடிப் பகுதி கான்கிரீட் சாலை, ஓட்டுவதற்குச் சுகமானது. பிறகு ஆற்றிங்கல், சாத்தன்னூர், கொல்லம். கொல்லம் நகரைச் சுற்றும் புறவழிச்சாலை 2019-இல் திறக்கப்பட்டது.

கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரைப் பாலத்தில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் வாய் அதுதான். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஒருபுறம் காயல், மறுபுறம் கடல், கீழே வண்ணம் அடித்த மீன்பிடி விசைப்படகுகள் அடுக்கடுக்காக நிற்கும். 1953-இல் தொடங்கிய இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் இங்கேதான் காலூன்றியது. கேரளக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்பு பரவியது அதற்குப் பிறகு. அடுத்து வரும் சவறாவில் மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், மோனசைட் கலந்த மணல். கனிம ஆலை நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது.

கருநாகப்பள்ளி, காயங்குளம், ஹரிப்பாடு தாண்டித் தோட்டப்பள்ளி. இங்கே நெடுஞ்சாலையே ஒரு மதகின் மேல் போகிறது. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டில் வெள்ளம் சேர்ந்தால், இந்த மதகுகளைத் திறந்துதான் கடலுக்குள் தள்ளுகிறார்கள். பெரும்பாலானோர் இதைச் சாதாரணப் பாலம் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். அம்பலப்புழை, அடுத்து ஆலப்புழை. பல பத்தாண்டுகள் இழுத்தடித்து 2021 ஜனவரியில் திறந்த ஆலப்புழை புறவழிச்சாலையின் மேம்பாலப் பகுதி, கடற்கரைக்கு இணையாகவே போகிறது. கலங்கரை விளக்கம், மணல், அலை எல்லாம் தெரியும். தெற்கிலிருந்து வருகிறவருக்குச் சாலை கடலை மனமுவந்து காட்டும் முதல் இடம் இதுதான்.

ஆலப்புழையிலிருந்து சேர்த்தலை வழியாக அரூர் வரை கிழக்கே வேம்பநாட்டுக் காயல், மேற்கே கடல், நடுவில் ஒரு மணல்திட்டு. அதன் மேல்தான் சாலை. கடல் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் தெரியாது. வீடு, தென்னை, மதில், கடை, மறுபடி வீடு. துறவூரிலிருந்து அரூர் வரை 12.75 கிலோமீட்டருக்கு, இருக்கும் சாலையின் தலைக்கு மேலேயே ஒற்றைத் தூண்களில் ஆறுவழி உயர்சாலை கட்டத் திட்டமிட்டார்கள். இரண்டு பக்கமும் நிலம் எடுக்க இடமில்லை என்பதுதான் காரணம். வேலை நடந்த காலத்தில் அந்த வழியாகப் போனவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

கொச்சியில் சாலை பழைய நகருக்குள் போகாமல் குண்டன்னூர், வைற்றிலா, பாலாரிவட்டம், இடப்பள்ளி என்று விளிம்பில் போகிறது. பாலாரிவட்டம் மேம்பாலம் 2016-இல் திறந்து, விரிசல் கண்டு 2019-இல் மூடி, பெரும்பகுதியை இடித்துக் கட்டி 2021-இல் மீண்டும் திறந்த பாலம். இடப்பள்ளிதான் பழைய 47-உம் 17-உம் சந்தித்த இடம். கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வருகிறவர்கள் இங்கே வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

இடப்பள்ளிக்கு வடக்கே வடக்கன் பறவூர், கொடுங்கல்லூர், சாவக்காடு, பொன்னானி வரை மீண்டும் கரையோர மணல்திட்டுதான். பழைய முசிறித் துறைமுகம் இந்தப் பெரியாற்று முகத்துவாரப் பகுதியில்தான் இருந்தது என்று கருதுகிறார்கள். ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்லும் யவனர் கப்பல்கள் வந்த ஊர். பொன்னானியில் பாரதப்புழை குறுக்கே நிற்கிறது. முகத்துவாரம் மிக அகலம். நெடுஞ்சாலை என்ன செய்கிறது பாருங்கள்: கரையை விட்டுக் கிழக்கே திரும்பி, குற்றிப்புறம் வரை போய், அங்கே ஆற்றைக் கடந்து, வளாஞ்சேரி, கோட்டக்கல், கக்காடு, ராமநாட்டுக்கரை என்று மேட்டு நிலத்திலேயே ஏறி இறங்கிக் கோழிக்கோட்டை அடைகிறது. தானூர், பரப்பனங்காடி போன்ற கடலோர ஊர்கள் மேற்கே ஒதுங்கிவிடுகின்றன. 2012-இல் சம்ரவட்டத்தில் தடுப்பணையோடு சேர்ந்த பாலம் வந்த பிறகு, பொன்னானியிலிருந்து திரூர் வழியாகக் கரையோரமாகவே கோழிக்கோடு போக முடிகிறது. தூரமும் குறைவு. ஆனாலும் நெடுஞ்சாலை பழைய வழியை விடவில்லை. எங்கே முதலில் பாலம் கட்டினார்களோ, அங்கே ஊர் வளர்ந்துவிடுகிறது. ஊர் வளர்ந்த பிறகு சாலையை நகர்த்த முடிவதில்லை.

இந்த மலப்புரம் பகுதியில்தான் 2025 மே 19 அன்று கூரியாட்டில் புதிய ஆறுவழிச் சாலை சரிந்தது. வயல்வெளியின் ஈரமான களிமண் மேல் உயரமாக மண்கரை கட்டி, இருபுறமும் கான்கிரீட் பலகைகளால் சுவர் எழுப்பி, அதன் மேல் சாலை போட்டிருந்தார்கள். பருவமழைக்கு முந்தைய மழையிலேயே அடிநிலம் பாரம் தாங்காமல் அமுங்கியது. மேலே போட்ட சாலை கீழே இருந்த சர்வீஸ் சாலையில் போன கார்கள் மேல் விழுந்தது. அங்கே மண்கரைக்குப் பதிலாகத் தூண்கள் மேல் உயர்பாலம் கட்டுவதென்று பிறகு முடிவானது. வயலில் தூண் வைத்தால் செலவு கூடும், உண்மைதான். ஆனால் தண்ணீர் பாயும் வழியை அடைத்து நாற்பதடிச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை, அந்த வயலில் நாற்று நட்ட யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

கேரளத்து வேலை இவ்வளவு காலம் இழுத்ததற்குக் காரணம் நிலம். மற்ற மாநிலங்களில் நெடுஞ்சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுக்கிறார்கள். கேரளத்தில் 45 மீட்டர். அதையும் 30 மீட்டராகக் குறைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. கடைசியில் நிலத்துக்கான செலவில் 25 விழுக்காட்டை மாநிலமே ஏற்றுக்கொண்டு, 5,500 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. நிலம் எடுத்த நாட்களில் சாலையோர வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அளவுக்கல் விழுந்த கோட்டோடு வீட்டை அறுத்துப் பாதி எடுத்திருப்பார்கள். மிச்சமிருந்த பாதியில் படுக்கையறையின் இளம்பச்சைச் சுவரும், நாட்காட்டி தொங்கிய ஆணியும், மாடிக்குப் பாதி வரை ஏறி நின்றுவிட்ட படிக்கட்டும் தெருவைப் பார்த்து நிற்கும். கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் வயல் வழியே புறவழிச்சாலை வரக் கூடாது என்று ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் விவசாயிகள் போராடினார்கள். சாலை வந்துவிட்டது.

கோழிக்கோட்டுக்கு வடக்கே கொயிலாண்டி, வடகரை. அடுத்து வருவதுதான் தமிழ் வாசகர்களுக்கு வேடிக்கையான இடம். மாநிலம் ஐந்து என்று சொன்னேன். ஆறாவதாக நம் புதுச்சேரியும் இங்கே வந்து தலைகாட்டுகிறது. மாஹே, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு நிலம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. பழைய நெடுஞ்சாலை அதன் கடைவீதி நடுவே போனது. பெட்ரோலும் மதுவும் கேரளத்தைவிட மலிவு என்பதால் இரண்டு கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆன நாட்களும் உண்டு. 2024 மார்ச்சில் முழப்பிலங்காட்டிலிருந்து அழியூர் வரை 18.6 கிலோமீட்டர் தலசேரி–மாஹே புறவழிச்சாலை திறந்தது. எழுபதுகளிலேயே பேச்சு எழுந்த திட்டம் அது. இன்று அந்த ஊர்களைப் பார்க்காமலேயே தாண்டிவிடலாம். தலசேரியின் கடற்பாலமும் கோட்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய சாலைக்கு இறங்கத்தான் வேண்டும்.

கண்ணூர், தளிப்பறம்பு, பையனூர், நீலேசுவரம், காஞ்ஞங்காடு, காசர்கோடு. காஞ்ஞங்காட்டுக்கும் காசர்கோட்டுக்கும் இடையே இரண்டு சாலைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலை பெரியா, பொயினாச்சி, செர்க்களை என்று உள்ளே போகிறது; மாநிலச் சாலை கடலோரமாகப் பேக்கல் கோட்டையைத் தொட்டுப் போகிறது. நேரம் இருந்தால் இரண்டாவதில் போங்கள். நெடுஞ்சாலையில் போனவர் பேக்கல் கோட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கூடத் தெரியாமல் கர்நாடக எல்லைக்குப் போய்ச் சேர்வார்.

மஞ்சேசுவரம் தாண்டித் தலப்பாடியில் எல்லை. அடுத்து நேத்ராவதிப் பாலம், மங்களூரு. நகரைத் தாண்டிப் பணம்பூர் துறைமுகம், சூரத்கல், முல்கி, படுபித்ரி, உடுப்பி, பிரம்மாவர், குந்தாபுரம். இந்தப் பகுதி நான்குவழி, வேகமாகப் போகலாம். கேரளத்தின் வீட்டுச் சுவர்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கண்ணுக்குக் காற்று கிடைப்பது இங்கேதான்.

குந்தாபுரத்துக்கு வடக்கே மரவந்தே. மொத்தச் சாலையிலும் ஒரே ஒரு இடத்தில் இறங்கி நிற்பதாக இருந்தால் இங்கே நில்லுங்கள். இடப்பக்கம் அரபிக்கடல், சாலையை ஒட்டிய பாறாங்கற்கள் மேல் அலை வந்து உடைகிறது. வலப்பக்கம் சௌபர்ணிகா ஆறு, அதன் நடுவே தென்னந்தீவுகள், பின்னால் நீலமாகக் கொடசாத்ரி மலை. கடலைச் சேர நூறு மீட்டர்தான் பாக்கி என்ற இடத்தில் ஆறு மனம் மாறி, கரைக்கு இணையாகத் தெற்கே திரும்பிக் கொள்கிறது. அந்த நூறு மீட்டரில்தான் நெடுஞ்சாலை ஓடுகிறது. கடல் அரித்துக்கொண்டே இருப்பதால் கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்றி வருகிறார்கள். மழைக்காலத்தில் அலையின் தூவானம் கண்ணாடியில் படியும், துடைப்பானைப் போட்டால் உப்பு வெள்ளையாக இழுபடும்.

பைந்தூர், பட்கல், முருதேசுவரம், ஹொன்னாவர். ஜோக் அருவியில் விழுந்த சராவதி ஆற்றைக் கழிமுகத்துக்கு அருகிலேயே நீளமான பாலத்தில் கடக்கிறோம். குமட்டா, கோகர்ணத்துக்குப் பிரியும் வழி, அங்கோலா, கார்வார். உத்தர கன்னட மாவட்டத்தில் மலை கடலுக்கே வந்துவிடுகிறது. சாலைக்கு இடம் வேண்டுமென்றால் மலையடியை வெட்டுவதைத் தவிர வழியில்லை. 2024 ஜூலை 16 காலையில் அங்கோலா அருகே ஷிரூரில், அப்படி வெட்டிய மலை கனமழையில் சரிந்தது. சாலையோரத் தேநீர்க் கடையையும், ஓய்வெடுக்க நின்றிருந்த லாரிகளையும் வாரிக்கொண்டு போய் மறுபுறம் ஓடும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. மரம் ஏற்றி வந்த ஒரு லாரியும் அதில் இருந்த கோழிக்கோட்டு ஓட்டுநரின் உடலும் ஆற்றின் அடியிலிருந்து கிடைக்கச் செப்டம்பர் கடைசி ஆனது. கேரளம் முழுவதும் அந்தத் தேடலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அது நடந்து மூன்று வாரம்தான், ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பின், கார்வாரில் காளி ஆற்றின் மேல் இருந்த பழைய பாலம் இடிந்து விழுந்தது. மேலே போன லாரி ஆற்றில் விழுந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அதன் ஓட்டுநர் கூரை மேல் ஏறி நின்றிருந்தவரை மீனவர்களும் போலீசாரும் காப்பாற்றினார்கள். நல்லவேளையாகப் பக்கத்தில் புதிய பாலம் இருந்தது. இரண்டு திசைப் போக்குவரத்தையும் அதில் விட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் கார்வார் அழகான ஊர்தான். ஊருக்குள் நுழையும்போதே சாலைக்கு இடப்பக்கம் கடற்கரை. இளம் வயதில் இங்கே தங்கியிருந்த தாகூரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஊருக்குத் தெற்கே சாலை கடற்படைத் தளத்தின் மதிலை ஒட்டிப் போகிறது. அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

கோவாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகப் போகிறேன். போலெம் வழியாக நுழைந்தால் காணகோணா புறவழிச்சாலை, வளைவுகள் நிறைந்த கர்மல் மலைப்பாதை, குங்கோலிம், மட்காவ், வெர்ணா, கொர்டாலிம், பணஜி, மாப்புசா, பெர்ணெம். இரண்டு பெரிய ஆறுகள், ஜுவாரி, மாண்டவி. இரண்டுக்கும் இப்போது கம்பிவடங்கள் தாங்கும் புதிய பாலங்கள் வந்துவிட்டன: மாண்டவியில் 2019, ஜுவாரியில் 2022–23. மாண்டவிப் பாலத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. 1970-இல் கட்டிய முதல் பாலம் பதினாறே ஆண்டில், 1986 ஜூலையில் விழுந்தது. மாற்றுப் பாலம் வரும் வரை பணஜிக்குப் படகில்தான் போய்வந்தார்கள்.

பத்ராதேவியில் மகாராஷ்டிரம். இனி 470 கிலோமீட்டருக்குக் கடலே இல்லை. சாவந்த்வாடி, குடால், கண்கவ்லி, ராஜாப்பூர், லாஞ்சா, பாலி, ஹாத்கம்பா, சங்கமேசுவர், சிப்ளூண், கேட், போலாத்பூர், மகாட், மாண்காவ், கோலாட், பேண், பன்வேல். ரத்தினகிரி கூடச் சாலையில் இல்லை. ஹாத்கம்பாவில் மேற்கே திரும்பிப் போக வேண்டும்.

வரைபடத்தை விரித்து இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். மகாட் சாவித்ரி ஆற்றில், சிப்ளூண் வசிஷ்டியில், சங்கமேசுவர் சாஸ்திரியில், ராஜாப்பூர் தன் கழியின் தலைமாட்டில். எல்லாம் கடலிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே. ஆனால் மகாட்டும் சிப்ளூணும் ராஜாப்பூரும் ஒரு காலத்தில் துறைகள். ஓதத்தோடு ஏறிவரும் படகு, இதற்கு மேல் போக முடியாது என்று நிற்கும் இடம். அங்கே சரக்கை இறக்கி எருதுகள் மேல் ஏற்றி மலைக்கு மேலே தக்காணத்துக்குக் கொண்டுபோனார்கள். ராஜாப்பூரில் ஆங்கிலேயக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்ததும், 1661-இல் சிவாஜி அதைச் சூறையாடியதும் அதனால்தான். படகு நின்ற இடமே ஆறு ஒடுங்கும் இடம். பிற்காலத்தில் பாலம் கட்ட வசதியான இடமும் அதுவே. கொங்கண நெடுஞ்சாலை அந்தப் பழைய படகுத்துறைகளைக் கோத்துக்கொண்டு போகிறது.

ஆற்றின் ஒடுங்கிய இடத்தில் ஊர் இருந்தால் வெள்ளத்தின் முழு வேகமும் அங்கேதான். 2016 ஆகஸ்ட் 2 இரவு மகாட் அருகே சாவித்ரியின் மேல் இருந்த பிரிட்டிஷ் காலக் கல்பாலம் வெள்ளத்தில் போனது. இருட்டில் பாலம் இல்லை என்று தெரியாமல் வந்த இரண்டு அரசுப் பஸ்கள் ஆற்றோடு போயின. புதிய பாலத்தை அடுத்த மழைக்கு முன்பே, 2017 ஜூனில் கட்டித் திறந்துவிட்டார்கள். 2021 ஜூலையில் சிப்ளூண் மூழ்கியது. வசிஷ்டிப் பாலத்தின் ஒரு பகுதி உடைந்தது. மகாட்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். 1927 மார்ச்சில் அம்பேத்கர் மக்களோடு போய்ச் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த ஊர் அது.

ஆறுகளுக்கு இடையே மலைமுதுகுகள். சிப்ளூணுக்கு மேலே பரசுராம் மலைப்பாதை, கேட்டுக்கும் போலாத்பூருக்கும் நடுவே கசேடி. கசேடியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கப்பாதை வந்ததில், முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறிய வேலை மிச்சமானது. பரசுராம் மலையில் அவர் பெயரிலேயே கோவில் இருக்கிறது. கோடரியை எறிந்து கடலைப் பின்வாங்கச் செய்து இந்தக் கரையை உண்டாக்கினார் என்று கேரளத்தில் கேட்ட அதே கதையை இங்கே வேறு மொழியில் சொல்வார்கள்.

மும்பை–கோவா நான்குவழிப் பணி 2011 வாக்கில் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை கெடு வைத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. விநாயகர் சதுர்த்திக்கு மும்பையிலிருந்து கொங்கணத்துக்காரர்கள் அத்தனை பேரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில்தான் குழிகளை அடைக்கும் வேலையும் பரபரப்பாக நடக்கும். சதுர்த்திக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

லாரிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கோலாட்டிலிருந்து சூரத்கல் வரை, 700 கிலோமீட்டருக்கு மேல், லாரியை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்பும் சேவையைக் கொங்கண் ரயில்வே நடத்துகிறது. தட்டையான ரயில் பெட்டிகள் மேல் லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துச் சங்கிலியால் கட்டுகிறார்கள். ஓட்டுநரும் உதவியாளரும் லாரிக்குள்ளேயே இருக்கிறார்கள். டீசலும் டயரும் மிச்சம், தூக்கமும் கிடைக்கும். காட்டுக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே நாற்பது லாரிகள் எஞ்சின் ஓசையே இல்லாமல் வரிசையாகப் போவதைத் தற்செயலாகப் பார்த்தால் சில நொடிகள் ஒன்றும் புரியாது.

இனி நடைமுறை. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கார்வார், கொங்கணப் பகுதிகளில் மண்சரிவு வாடிக்கை. போயே ஆக வேண்டுமென்றால் பகலில் மட்டும் ஓட்டுங்கள். வேலை நடக்கும் இடங்களில் நான்குவழி திடீரென்று சர்வீஸ் சாலைக்குள் இறங்கும், முன்னறிவிப்புப் பலகை கடைசி நொடியில்தான் தெரியும். ஆறு நாள் ஒதுக்கினால் அவசரமில்லாமல் போகலாம்: கொச்சி, கண்ணூர், குந்தாபுரம், கோவா, சிப்ளூண் பக்கம் இரவுத் தங்கல். நடுவில் அலுத்துவிட்டால் மேலே ஏறிவிடவும் வழிகள் இருக்கின்றன. மங்களூரிலிருந்து ஷிராடி மலைப்பாதை வழியாக ஹாசன், அங்கோலாவிலிருந்து ஹூப்ளி, ஹாத்கம்பாவிலிருந்து அம்பா மலைப்பாதை வழியாகக் கோலாப்பூர். சென்னை, சேலம்காரர்கள் திரும்பி வர இவை உதவும்.

கடலைப் பார்த்துக்கொண்டுதான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தால், மகாராஷ்டிரத்தில் 66-ஐ விட்டுவிட்டு ரேவஸ்–ரெட்டி கடலோர மாநிலச் சாலையைப் பிடியுங்கள். வேங்குர்லா, மால்வண், கண்பதிபுலே, குகாகர், ஸ்ரீவர்தன் என்று கரையை விடாமல் ஏறும் சாலை அது. குறுகல், வளைவு, ஆனால் கடல் உண்டு. நெடுஞ்சாலை உள்ளே போய்த் தப்பித்துக்கொண்ட அதே ஆறுகளை இங்கே முகத்துவாரத்தில் கடக்க வேண்டும். சாஸ்திரியை ஜெய்கட்டில், வசிஷ்டியை தாபோளில், சாவித்ரியைப் பாண்கோட்டில் காரோடு படகில் ஏறித்தான் கடந்து வந்திருக்கிறார்கள். இந்த முகத்துவாரங்களில் பாலங்கள் கட்டும் திட்டமும் இருக்கிறது. படகு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், தூரத்தை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். இந்த வழிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு நாள் வேண்டும். வடகோடியில் அலிபாக் அருகே மாண்ட்வாவிலிருந்து வண்டிகளை ஏற்றும் கப்பல் 2020 முதல் ஓடுகிறது. அதில் ஏறினால் பன்வேல் நெரிசலைத் தொடாமல் மும்பை பாவுச்சா தக்காவில் காரோடு இறங்கிவிடலாம்.